கானாடுகாத்தானில் ஏது கடல்?

"இட்லி வேணாம் தம்பி, மாவு புளிச்சுப்போச்சு. தோசைன்னா சமாளிக்கலாம். சட்னி நேத்து அரைச்சது, அதையும் சொல்லிப்புடுறேன்."

அரிமளத்தில் யூனியன் ஆபீஸ் திறந்த புதிதில் நான் அங்கே குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த கீற்றுக்கடைக்குள் தலையைக் குனிந்து நுழைந்ததும் என்னை வரவேற்ற வார்த்தைகள் இவை. இப்படியும் ஒருத்தர் வியாபாரம் செய்வாரா என்று திகைத்து நின்றேன். பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களோ ஒன்றுமே நடக்காத மாதிரி தோசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் அந்தக் கடைக்கார அக்காவுக்கு. ஒல்லியான உடம்பு, உரத்த குரல். அடுப்படியில் அவர் வீட்டுக்காரர் கரண்டியும் கையுமாக இருப்பார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது என்று முடிவுகட்டிவிட்ட முகம் அவருக்கு.

அக்காவின் வாயில் பொய் வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு உபாதை மாதிரியே இருந்தது. சாம்பாரில் பருப்பு குறைச்சல் என்று சாப்பிடுகிறவர் கண்டுபிடிக்கும் முன் தானே சொல்லிவிடுவார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து "எப்படி அக்கா இருக்கு?" என்று கேட்டவரிடம், "தோள்பட்டை தொங்குது, ஒங்க அண்ணனுக்குத் தைச்சதா?" என்று கேட்டுவிடுவார். வரப்புத் தகராறா, ஆடு யாருடையது என்ற வழக்கா, "அந்த அக்காவைக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். அக்கா வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போவார். அதற்கு மேல் பேச்சில்லை.

அப்படிப்பட்ட மனுஷியைத்தான் ஊர் முழுக்க 'புளுகு மூட்டை' என்றும் சொன்னது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும். அது கனடா.

அக்கா கனடாவுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். போனதே ஒரு கூத்து. அவருடைய ஒரே மகளுக்குச் சின்ன வயதில் விஷக்காய்ச்சல் கண்டு, பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்டபோது, மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மாதான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த டாக்டரம்மாவுக்குக் கைக்குழந்தை ஒன்று. விடுப்பில் சொந்த ஊருக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "கானடா" என்று தன்னுடைய தமிழில் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். புருஷனும் பெண்சாதியும் மூன்று தடவையும் அதைக் கானாடுகாத்தான் என்றே கேட்டுக்கொண்டார்கள். அரிமளத்திலிருந்து ஒரு எட்டு போய்வரக்கூடிய ஊர். பெரிய பெரிய செட்டியார் வீடுகள் இருக்கும் இடம். டாக்டரம்மாவுக்கு அங்கே வீடு இருப்பதில் என்ன ஆச்சரியம்? மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, வழிச்செலவுக்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு கொஞ்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அக்கா கிளம்பிவிட்டார்.

"வழியில ஒங்களுக்குச் சந்தேகம் வரலையா அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வந்துச்சு தம்பி. கானாடுகாத்தானுக்கு எதுக்கு மெட்ராஸ் வழியாப் போறோம்னு நெனச்சேன். பெரிய மனுசங்க, வேற சோலி இருக்கும்னு விட்டுட்டேன். கப்பல்ல ஏத்துனப்பதான் ரொம்பச் சந்தேகமாப் போச்சு."

இங்கே அவர் வீட்டுக்காரர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தூக்குச்சட்டி நிறைய முறுக்கை எடுத்துக்கொண்டு கானாடுகாத்தானுக்குப் போயிருக்கிறார். வீடு வீடாக ஏறி இறங்கி, "இங்க டாக்டரம்மா வீடு எதுங்க?" என்று கேட்டிருக்கிறார். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தால் அடுத்த தெருவே வந்துவிடுகிற வீடுகள். மனுஷன் இரண்டு நாள் அலைந்து, முறுக்கையும் தானே தின்று தீர்த்துவிட்டுத் திரும்பினார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் மேஜை மேல் இருந்த உலக உருண்டையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டி, "ஒம் பொண்டாட்டி இங்க இருக்கா" என்றிருக்கிறார். ஊர் அதை நம்பவில்லை. கம்பவுண்டர் கலந்து கொடுக்கும் மருந்தையே அவர்கள் நம்பியதில்லை.

அக்கா திரும்பி வந்தபோது புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டிருந்தது. கனடாவில் செல்லாத அம்மன் காசு இப்போது இங்கேயும் செல்லாது என்றார்கள். அதை அவர் கடைசிவரை அஞ்சறைப்பெட்டியில் மிளகோடு போட்டு வைத்திருந்தார்.

அக்கா இருந்தது கனடாவில் கடலோரமாக இருக்கிற ஒரு மாகாணத்தில். அதன் பேர் நியூ பிரன்ஸ்விக். அக்கா வாயில் அது 'நீவு புருஞ்சு' ஆகியிருந்தது. அங்கே பார்த்ததையெல்லாம் அவர் சொல்லும் விதம்தான் அவருக்கே வினையாக முடிந்தது. கேட்கிறவர்கள் வாய் பிளக்கும்படி கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன? மாட்டார். நியாயத் தராசில் நிறுத்துத்தான் சொல்வார்.

"அங்கிட்டுக் கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை எறங்கும். காலையில தரையில நடந்து போவோம். கடலோட அடித்தரை தம்பி! பாறையெல்லாம் பூந்தொட்டி மாதிரி நிக்கும், அதும் மேல மரம் மொளைச்சிருக்கும். மத்தியானம் அதே எடத்துல படகு போகும்."

எதிர்ப்புறம் சைக்கிள் கடை வைத்திருந்தவர் இந்தக் கதையை நூறு தடவை கேட்டவர். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார்.

"எம்புட்டு ஒசரம் அக்கா ஏறும்? ரெண்டு தென்னமரம் ஒசரம் இருக்குமா?"

"சேச்சே! ஒரு தென்னமரந்தான். அதுவும் மட்டை வரைக்கும் சொல்ல மாட்டேன். பிஞ்சுக் குரும்பை தொங்குற எடம் இருக்குல்ல, அம்புட்டுத்தான். இல்லாததைச் சொல்லப்படாது."

அந்தக் குரும்பைக்குத்தான் கடை முழுக்க சிரிக்கும். இரண்டு தென்னை மரம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பயந்து நம்பியிருப்பார்கள்.

சைக்கிள் கடைக்காரரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. அக்கா போனதென்னவோ கானாடுகாத்தானுக்குத்தான், ஏதோ செட்டியார் வீட்டு அடுப்படியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அவருடைய தீர்ப்பு. ஆற்றுக்கு மேல் நீளமாக ஒரு மரப்பாலம், அதற்கு மேலே கூரை, இரண்டு பக்கமும் சுவர் என்று அக்கா சொன்னால், "செட்டியார் வீட்டு வளவுத் தாழ்வாரந்தான் அது. இந்த முனையில நின்னா அந்த முனை தெரியாது" என்பார். ஊரெல்லாம் வெள்ளைவெளேரென்று கிடந்தது, வழுக்கி விழுந்தேன் என்றால், "முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசின சுவரு, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை. வழுக்காம என்ன செய்யும்?" என்பார்.

"சரி, கடலு?" என்று நான் ஒரு நாள் அக்காவுக்குப் பரிந்துகொண்டு கேட்டேன்.

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார், அதை எடுத்துக் கொடுத்ததே அக்காவின் வாய்தான். அக்கா இருந்த மாகாணத்தில் பாதிப் பேர் இங்கிலீஷ் பேசுவார்களாம், பாதிப் பேர் பிரெஞ்சு பேசுவார்களாம். பால்காரர் ஒரு பாஷை, மீன்காரம்மா ஒரு பாஷை. டாக்டரம்மாவின் தாயார் கோபம் வந்தால் இரண்டையும் கலந்து திட்டுவாராம். "எனக்கு ரெண்டுமே தெரியாதுல்ல, அதனால ரெண்டு தரப்பும் எங்கிட்டச் சிநேகமா இருந்தாங்க" என்பார் அக்கா. அங்கே கற்றுக்கொண்டு வந்த ஒரே வார்த்தை 'மெர்சி', பிரெஞ்சில் நன்றி. சில்லறையை வாங்கிப் போடும்போது சில நாள் தன்னை அறியாமல் "மெர்சி" என்றுவிடுவார். ஒரு தடவை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலிலிருந்து வந்த ஒரு ஜவுளிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அட, எங்க ஊருப் பேச்சால்ல இருக்கு!" என்று சொல்லித் தொலைத்தார். சைக்கிள் கடைக்காரர் தொடையைத் தட்டினார். பாதி வருஷம் கானாடுகாத்தான், பாதி வருஷம் காரைக்கால். கடலும் வந்தாயிற்று, பிரெஞ்சும் வந்தாயிற்று.

பிற்பாடு கனடாவுக்கே போய்த் தங்கிவிட்ட டாக்டரம்மா ஒரு வருஷம் காலண்டர் ஒன்று அனுப்பியிருந்தார். அதில் அந்தப் பூந்தொட்டிப் பாறையின் வர்ணப்படம் இருந்தது. அக்கா அதைக் கடையில் மாட்டி, எல்லாரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சைக்கிள் கடைக்காரர் கிட்டே போய் நின்று பார்த்துவிட்டு, "திருமயம் கோட்டைக்குப் பின்னாடி இருக்கிற பாறை. மேல நிக்கிறது ஆலங்கன்னு" என்றார். பாறைக்கு அடியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் நிற்கிறார்களே என்று நான் காட்டினேன். "கோட்டை பாக்க வந்திருப்பாங்க சார்" என்றார்.

அவரையும் ஒரே ஒரு தடவை அக்காவின் கனடா அசைத்தது. அங்கே ஒரு மலைச்சரிவு இருக்கிறதாம். அடியில் காரை நிறுத்திவிட்டு பிரேக்கை விட்டால் கார் தானாக மேட்டைப் பார்த்து ஏறுமாம். அக்காவும் காருக்குள் உட்கார்ந்து போயிருக்கிறார். சைக்கிள் கடைக்காரர் தோசையைப் பிய்க்காமல் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "முனியா அக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"முனியுமில்ல, பேயுமில்ல. அது மேடே கெடையாதாம். பள்ளந்தானாம். சுத்துவட்டம் சாஞ்சு கெடக்குறதால நம்ம கண்ணுக்கு மேடாத் தெரியுதாம். டாக்டரம்மா தம்பி வெவரமாச் சொன்னாரு."

"போங்கக்கா. முனின்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்று அவர் மனமொடிந்து இலையை மடித்தார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்வரை. இரண்டு இடம் வந்து போயிற்று. பெண் லட்சணமாக இருக்கிறாள், ஆனால் தாயார் கொஞ்சம் அளப்பாராமே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. "நான் என்ன தம்பி அளந்தேன்? குரும்பைக்கு மேல ஒரு சாண் கூடச் சொல்லலையே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமாகவும் இருந்தது.

மூன்றாவதாக வந்தது கட்டுமாவடிச் சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அங்கே கடற்கரையை ஒட்டிக் கருவாட்டு மண்டி. நல்ல இடம், கேட்டு வருகிறவர்கள். இதுவும் தவறினால் சொந்தத்திலேயே இரண்டாம் தாரமாக ஒரு இடம் இருக்கிறது, அதைத்தான் முடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டார். அவர் கரண்டியைக் கீழே வைத்து அன்றுதான் பார்த்தேன்.

பெண் பார்க்க வரும் நாளில், ஆபீஸ்காரர் ஒருத்தர் கூட இருந்தால் மதிப்பு என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் கூப்பிடாமலே வந்திருந்தார். மகள் சேலை கட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஆத்தா, அவுங்க வந்துட்டுப் போற வரைக்கும் கனடாவை மூடி வையி."

"அவுங்களாக் கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"நானா ஆரம்பிக்க மாட்டேன். கேட்டா என்ன செய்ய?"

"அடுப்படிக்குப் போயிரு."

கட்டுமாவடிக்காரர் வந்தார். பெரிய மீசை. அதற்கு ஏற்ற தொண்டை. உட்கார்ந்ததும் தன்னுடைய கடலைப் பற்றித்தான் பேச்செடுத்தார். புயலடித்த ஒரு ராத்திரி பனைமர உயரத்துக்கு அலை வந்ததாம். மண்டிக் கதவை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றாராம். விடிந்து பார்த்தால் உள்ளே இருந்த கருவாட்டில் பாதி உயிர் வந்து நீந்திக்கொண்டிருந்ததாம்.

"ஆத்தாடி!" என்றார் சைக்கிள் கடைக்காரர். உண்மையாகவே நம்பிவிட்டார். கூடியிருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். அடுப்படி வாசலில் அக்கா பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பாவம், தும்மலை அடக்குகிறவர் முகம்.

தட்டை வைத்துவிட்டு அக்கா திரும்பினார். ஒரு அடி எடுத்து வைத்திருப்பார்.

"என்ன சம்பந்தியம்மா, பேசவே மாட்டேங்கறீங்க? நீங்க கடல் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார் அந்த மனுஷர்.

கதவுக்குப் பின்னால் நின்ற மகளை அக்கா பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பாத்திருக்கேங்க."

"எங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். எத்தனையோ வருஷமாக நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத மனுஷர், குடும்பத்தைக் காப்பாற்றும் வேகத்தில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"கானாடுகாத்தான்ல!"

கட்டுமாவடிக்காரர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "கானாடுகாத்தான்ல ஏது கடல்?"

இனி மறைத்துப் பயனில்லை. அக்கா சொல்லிவிட்டார். கனடா, கப்பல், ஏறி இறங்கும் கடல், தென்னை மரம், குரும்பை வரைக்கும். ஒரு விரற்கடை கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கட்டுமாவடிக்காரர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. கடலைப் பற்றித் தனக்கே ஒருத்தர் சொல்வதா என்ற ரோஷம் வந்துவிட்டது.

"கடக்கரையில பொறந்து வளந்தவன் நான். எங்க கடலைப் பொம்பளைக் கடல்னு சொல்லுவோம், சாதுவானது. கடல் அப்பிடித் தெனமும் ஏறி எறங்குனா மனுசன் எங்கிட்டுப் போவான்? இந்தா பாருங்க, பொய் பேசுற வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் ஒத்துவராது. வெளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இப்பவே தாம்பூலம் மாத்திக்குவோம்."

உயிர் வந்த கருவாட்டை எங்களுக்கு அப்போதுதான் பரிமாறி முடித்திருந்தவர் இதைச் சொன்னார்.

அக்கா முந்தானை முனையைச் சுருட்டினார், விரித்தார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ரொம்பச் சன்னமாக, "ஆமாங்க. வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

சைக்கிள் கடைக்காரர், "அப்பாடி, இத்தன வருசங் கழிச்சு உண்மை வந்துருச்சு" என்றார். எல்லாரும் அந்த ஒரு பொய்யை உடனே நம்பினார்கள். தாம்பூலத் தட்டை எடுக்க யாரோ எழுந்தார்கள்.

அப்போதுதான் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கூப்பிடாமல் வரும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை.

"மாமா, எங்க ஆத்தா இப்பச் சொன்னதுதான் பொய். எனக்காகச் சொல்லுது. அது பொய் சொல்லி எனக்குக் கலியாணம் வேணாம்."

கட்டுமாவடிக்காரர் மீசை அசையவில்லை. "ஏந்தாயி, அந்தக் கடலை நீ பாத்தியா?"

"இல்லீங்க."

"பெறகு?"

"இட்லி புளிச்சிருக்குன்னு ஆத்தா சொன்னா புளிச்சுத்தான் இருக்கும். தின்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

அதுவரை தலையைக் குனிந்து அதிரசத்தைத் தின்றுகொண்டிருந்த மாப்பிள்ளைப் பையன்தான் நிமிர்ந்தான். "அப்பா, மண்டிக் கல்லாவுல ஒக்கார நம்பிக்கையா ஒரு ஆளு கெடைக்க மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே" என்றான்.

அப்பா மகனைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். பொய் பேசுகிறவருக்கு மெய் பேசுகிறவரின் அருமை தெரியாமல் போகுமா? மனுஷர் ஓட்டுக்கூரை அதிரச் சிரித்துவிட்டார். "சரி தாயி, தாம்பூலத்தை மாத்துங்க. ஆனா சம்பந்தியம்மா, கலியாணம் முடிஞ்சு கட்டுமாவடிக்கு வாங்க. கடல்னா என்னன்னு நான் காட்டுறேன்."

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு நானும் கூடப் போனேன். கட்டுமாவடிக்காரர் எங்களை நேரே கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், கையை விரித்துக் கடலைக் காட்டினார். கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. நாலைந்து படகுகள் நின்றன. ஒரு நாய் முழங்கால் நீரில் நடந்துபோயிற்று.

எல்லாரும் அக்காவின் வாயையே பார்த்தோம். மகளுக்கு முகம் வெளிறிவிட்டது. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "நல்ல கடலுங்க" என்றார். கட்டுமாவடிக்காரர் மீசையைத் தடவினார். அக்கா விடவில்லை.

"எப்பங்க ஏறும்?"

சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. "ஏறும், ஏறும், இருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். விருந்துச் சாப்பாட்டை இலையோடு அங்கேயே கொண்டுவந்து கொடுத்தோம். பொழுது சாயும் நேரத்தில் சம்பந்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். தன் கடல் மானத்தை வாங்கிவிடுமோ என்ற கவலை அவருக்கு. கடைசியில் அக்கா எழுந்து போய்க் குச்சியில் கையை வைத்து அளந்தார்.

"ஏறியிருக்குங்க! ஒரு சாணும் நாலு விரலும்."

"ஒரு மொழம்னு வச்சுக்குவோமே" என்று கெஞ்சினார் சம்பந்தி.

"இல்லாததைச் சொல்லப்படாதுங்க. ஆனா நெசமா ஏறுச்சு. யாரு கேட்டாலும் நான் சொல்லுவேன்."

சொன்னார். ஊர் திரும்பிய மறுநாள் காலை கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, கட்டுமாவடிக் கடல் ஏறுவதைத் தன் கண்ணால் கண்டதையும், ஒரு சாண் நாலு விரல் கணக்கையும் சொன்னார்.

"அப்பிடியா? பாத்தா அசையாத மாதிரி இருக்குமே" என்றார் சைக்கிள் கடைக்காரர். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் அக்கா."

மற்றவர்களும் ஆமாம், ஆமாம் என்றார்கள். அக்கா தோசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கடலைப் பற்றி அவர் சொன்ன ஒரு உண்மையை ஊர் நம்பியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, குரலைச் செருமிக்கொண்டு, மெல்ல ஆரம்பித்தார்.

"கனடாவுலயும் இதே கணக்குத்தான். என்ன, அங்கிட்டுக் குரும்பை வரைக்கும்..."

அத்தனை பேரும் இலையை மடித்துக்கொண்டு கை கழுவ எழுந்துவிட்டார்கள். வாளியண்டை ஒரே நெரிசல். பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன்.

"இன்னும் ரெண்டு இட்லி வையுங்க அக்கா" என்றேன்.

"மாவு புளிச்சிருக்கு தம்பி."

"பரவாயில்ல. காலையில கடலோட அடித்தரையில நடந்து போவீங்க. பெறகு?"